எந்த அண்ணாச்சி?

பெயரை எழுதாவிட்டால் 'சேமி' பொத்தான் அமுங்க மாட்டேன் என்கிறது, அந்தக் கட்டத்தைத் தூக்கிவிடலாமா அக்கா என்று என் பழைய ஆபீஸ் பிள்ளைகள் போனில் கேட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கத் தோன்றியதே பெரிய மரியாதைதான். தூக்கக் கூடாது என்றேன். ஏன் என்றார்கள். போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அது என் உத்தியோகக் கதையாகவே நீண்டுவிட்டது. பொறுமை இருப்பவர்கள் படிக்கட்டும்.

அந்தக் கட்டம் இருப்பது எங்கள் 'சாரல் பலகை'யில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். குற்றாலத்து அருவிகளில் எதில் தண்ணீர் விழுகிறது, எதில் குளிக்கலாம், எதில் தடை என்று சீசன் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கும் இணையப் பக்கம் அது. தென்காசியில் ஒரு மாடியில் இருந்து நடத்தினோம். அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. லாட்ஜ்காரர்களும் வேன்காரர்களும் சிப்ஸ் கடைக்காரர்களும் விளம்பரம் கொடுப்பார்கள். ராஜபாளையத்திலும் சிவகாசியிலும் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் துண்டையும் எண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்து வைப்பார்கள்.

நான் படித்தது டைப்ரைட்டிங். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொண்ட ஒரே பாடம், பெயரில் கை வைக்கக் கூடாது என்பது. எழுத்துப் பிழை வந்தால் மன்னிப்பார்கள். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் கல்யாணமே நின்றுபோகிற அளவுக்குச் சண்டை வரும். அச்சுக் கடைகள் படுத்த பிறகு இணையப் பக்கம் செய்கிற வேலைக்கு மாறினேன். அதற்கென்று தனியாக யாரிடமும் படிக்கவில்லை. தப்புத் தப்பாகச் செய்து, திருத்தித் திருத்திப் பிடிபட்டதுதான். சாரல் பலகை தொடங்கியபோது அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது, ஓய்வு பெறும்வரை என்னிடமே இருந்தது.

முதலாளி சங்கரலிங்கம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவரைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்தது கிடையாது. அந்த மரியாதையால் நான் பட்ட பாடும் கொஞ்சநஞ்சம் இல்லை. யார் போன் செய்தாலும் முதல் வார்த்தை "சொல்லுங்க அண்ணாச்சி" என்பதாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் மூத்த ஆண்கள் எல்லோருமே அண்ணாச்சிதான். கடைக்காரர் அண்ணாச்சி, லாட்ஜ்காரர் அண்ணாச்சி, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரும் அண்ணாச்சி. அவரவர் கூப்பிடும்போது எந்தக் குழப்பமும் வராது. எதிரே ஆள் இருக்கிறாரே. ஆனால் சார் போனில் பேசிவிட்டு வைத்தபின், "யார் சார் பேசினது?" என்று கேட்டால், "அண்ணாச்சிதாம்மா" என்பார். எந்த அண்ணாச்சி என்று கேட்டால், நான் ஏதோ வேண்டாத வார்த்தை சொல்லிவிட்டதுபோல் மேஜைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே, "நம்ம அண்ணாச்சிதான்" என்பார். பெரிய மனிதர்களைப் பெயர் சொல்வது அவர் வாயில் வரவே வராது.

அவருக்குக் கோபம் வந்தாலும் குரல் ஏறாது. எங்களை எல்லாம் "வாம்மா, போம்மா, நீ பாரும்மா" என்றுதான் பேசுவார். யாரையாவது வேலையை விட்டு அனுப்ப முடிவு செய்துவிட்டால் மட்டும் "நீங்க" என்று ஆரம்பித்துவிடுவார். ஆபீசில் எல்லோருக்கும் இது தெரியும். அவர் 'நீங்க' போட்டால் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி நம்பகப் பட்டியல். பலகையில் செய்தி ஏற இரண்டு வழி வைத்திருந்தோம். ஒன்று, கடவுச்சொல் போட்டு உள்ளே வந்து எழுதுவது. அது ஆபீசில் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே தெரியும். ஆனால் அருவி அப்படிக் காத்திருக்காது. மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே செந்தண்ணீர் இறங்கிவிடும். அதனால் அருவிக்குப் பக்கத்தில் கடையோ லாட்ஜோ வைத்திருக்கும் சிலருக்கு இரண்டாவது வழி. அவர்களுடைய இணைய இணைப்பின் ஐ.பி. முகவரியை, அதாவது அந்த இணைப்புக்குக் கம்பெனி கொடுக்கும் எண்ணை, பட்டியலில் சேர்த்துவிடுவோம். அந்த எண்ணில் இருந்து யார் பக்கத்தைத் திறந்தாலும் பலகைக்கு மேலே ஒரு சின்னப் படிவம் தானாகத் திறக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே இரண்டே வாசகங்கள், 'குளிக்கலாம்', 'குளிக்கக் கூடாது'. ஒன்றைத் தொட்டு 'அனுப்பு' என்றால் அந்தக் கணமே பலகையில் ஏறிவிடும். கடவுச்சொல் இல்லை, கேள்வி இல்லை.

பலகையில் ஒவ்வொரு செய்திக்கும் கீழே 'பதிவு' என்று ஒரு பெயர் வர வேண்டும். அண்ணாச்சிமார் பெயரைப் போட்டால் நாளைக்கு எவனாவது அவர்கள் கடை வாசலில் போய் நின்று கேட்பான், அது மரியாதை இல்லை என்று சார் சொல்லிவிட்டார். ஆகவே அந்த வேளையில் ஆபீசில் யார் பொறுப்போ அவர் பெயர் தானாக விழும்படி அமைத்திருந்தோம். அண்ணாச்சி அனுப்புவார், அடியில் எங்கள் பெயர் நிற்கும். எனக்கு இது ஆரம்பத்தில் இருந்தே பிடிக்கவில்லை. சொல்லியும் பார்த்தேன். "ஆபீஸ்னு இருந்தா ஆபீஸ்தானம்மா பொறுப்பு" என்றார்.

பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திறக்கும் உரிமையையும் சார் தன்னிடமே வைத்துக்கொண்டார். எண்ணைச் சேர்ப்பதும் அவர்தான், பக்கத்தில் குறிப்பு எழுதுவதும் அவர்தான். அது ஏன் என்று பிறகு புரிந்தது. யாரை நம்புகிறோம் என்பதை வேலைக்காரப் பிள்ளைகள் கையில் கொடுப்பது அவருக்குக் கூச்சம்.

ஐ.பி. முகவரி என்பது வீட்டுக் கதவு எண் போலத் தோன்றும், ஆனால் அப்படி அல்ல என்று ஒரு சீசனில் தெரிந்தது. ஐந்தருவிப் பக்கம் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் லாட்ஜ் அண்ணாச்சியிடம் இருந்து போன்.

"ஏம்மா வடிவு, உங்க பலகை என்னைய உள்ளயே விட மாட்டேங்குது. தண்ணி கைப்பிடிக் கம்பிக்கு மேல வருது. நான் என்ன செய்ய?"

நான் அவர் சொல்லச் சொல்ல இங்கிருந்தே 'குளிக்கக் கூடாது' என்று ஏற்றிவிட்டுப் பிறகு பார்த்தேன். மோடம் அணைந்து எரிந்ததில் கம்பெனி அவருக்கு வேறு எண் கொடுத்திருந்தது. பழைய எண் இப்போது யாருக்கும் சொந்தமில்லை. நாளைக்கு வேறு யாருக்காவது கொடுப்பார்கள். எப்படி என்றால், சுரண்டை பஸ்ஸில் அண்ணாச்சிக்கு என்று துண்டு போட்டு சீட் பிடித்து வைக்கிறோம். அண்ணாச்சி பாவூர்சத்திரத்தில் இறங்கிப் போய்விட்டார், துண்டு மட்டும் சீட்டிலேயே கிடக்கிறது. அடுத்து ஏறுகிறவர் அதன் மேல் உட்காரத்தானே செய்வார்?

சாரிடம் போய் விளக்கினேன். புது எண்ணை உடனே சேர்த்தார்.

"பழசை எடுத்துரலாமா சார்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. அண்ணாச்சி நம்பரை வெட்டிட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு."

"அது இப்பம் அண்ணாச்சி நம்பரே இல்ல சார்."

"ஒரு காலத்துல இருந்துதுல்லா," என்றார் சார்.

இப்படியே ஒவ்வொரு சீசனிலும் எண்கள் சேர்ந்தன, எதுவும் போகவில்லை.

ஜமீலா எங்களிடம் சேர்ந்தது இதற்கெல்லாம் பிறகு. கடையநல்லூர்ப் பெண். வீட்டுக்காரர் துபாயில். வேலையில் நிதானம், அழகான கையெழுத்துப் போலத் தட்டச்சு. வார்த்தையைத் திரும்பப் படிக்காமல் எதையும் அனுப்ப மாட்டாள். எனக்குப் பிறகு பலகையை இவளிடம்தான் கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கேறிவிடும் என்று ஒரு எண்ணம். தலைக்கேறுகிற பெண் இல்லை அவள், எனக்குத்தான் வாயைத் திறந்து பாராட்டிப் பழக்கமில்லை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவியில் வெள்ளம், தடை போட்டிருந்தார்கள். பலகையிலும் காலையில் இருந்து 'குளிக்கக் கூடாது' நின்றது. நான் அன்று ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன், ஆபீசில் பொறுப்பு ஜமீலா. மத்தியானத்துக்கு மேல் பலகையில் ஐந்தருவிக்கு நேரே 'குளிக்கலாம்' என்று ஏறிவிட்டது. கீழே, 'பதிவு: ஜமீலா'.

அவள் அதைப் பார்த்துத் திருத்துவதற்குள் வேன்கள் கிளம்பிவிட்டன. மெயினருவியில் நின்ற கூட்டமும் ஐந்தருவிக்குத் திரும்பியது. அங்கே தடுப்பு இருந்ததால் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை, அந்த மட்டுக்கும் பிழைத்தோம். ஆனால் தடுப்புக்கு முன்னால் நெரிசல். விருதுநகர்ப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு அம்மா விழுந்து கை முறிந்தது. அவர் மகன் எங்கள் ஆபீஸ் மாடிக்கே வந்துவிட்டார். அங்கே நடந்ததைப் பிறகு ஆபீஸ் பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள்.

"யாரு போட்டா? அந்தப் பொம்பள பேரு போட்டிருக்குல்லா, அவங்கள வரச் சொல்லுங்க!"

ஜமீலா எழுந்து நின்றாள். "நான் போடலை அண்ணே," என்றாள். அவர் தன் போனில் இருந்த படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். சார்தான் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனார்.

மறுநாள் நான் வரும்போது சார் அறையில் ஜமீலா நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க கொஞ்ச நாள் வீட்டுல இருங்க," என்றார் சார். "நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க. கை தவறியிருக்கும்."

'நீங்க' என்றதும் எனக்குப் புரிந்தது. ஜமீலாவுக்கும் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. "கை தவறலை சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பலகைல எம்பேரு இருக்கத எல்லா குரூப்புலயும் போட்டோ எடுத்துப் போட்டுட்டாங்க. துபாய் வரைக்கும் போயிட்டு. எங்க வீட்டுக்காரரோட ரூம்ல இருக்கவங்க, 'ஒம் பொண்டாட்டிதானா இது'ன்னு கேக்காங்களாம். இந்த ஊருல கம்ப்யூட்டர் வேலை குடுக்கவங்க யாரு? நேத்து யார் யாருக்கெல்லாம் போன் அடிச்சு ஜனங்க திட்டுனாங்களோ, அவங்கதான். இனிமே எந்தப் படியேறி நான் வேலை கேக்க?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை மிகை இல்லை. லாட்ஜ், வேன், கடை, எல்லாம் ஒரே வட்டம். அந்த வட்டத்தில் பொய்ச் செய்தி போட்டவள் என்று பெயர் வாங்கினால் தென்காசியில் அவளுக்கு வேலை கிடையாது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சார் மேல்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பலகையில் தெரிகிற பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் பதிவுக் குறிப்பைத் திறந்தேன். ஒவ்வொரு செய்தியும் எந்த ஐ.பி. முகவரியில் இருந்து வந்தது என்று அதில் இருக்கும். 'குளிக்கலாம்' வந்தது ஆபீஸ் எண்ணில் இருந்து அல்ல. கடவுச்சொல்லும் போடவில்லை. அப்படியானால் நம்பகப் பட்டியலில் இருக்கிற எண்தான். சாரிடம் போய்ப் பட்டியலைக் காட்டச் சொன்னேன்.

"அண்ணாச்சியப் போயி சந்தேகப்படுதியாம்மா?"

"சந்தேகப்படல சார். எந்த அண்ணாச்சின்னு கேக்கேன்."

அவர் மேஜைக் கண்ணாடியைத் தடவினார். பிறகு திறந்து காட்டினார். நான் அதுவரை அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. எண்ணுக்கு நேரே குறிப்பு. 'அண்ணாச்சி.' அடுத்தது, 'அண்ணாச்சி வீடு.' அடுத்தது, 'பெரிய அண்ணாச்சி.' பிறகு 'அண்ணாச்சி புது நம்பர்', 'அண்ணாச்சி (அவருதான்)'. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்களுக்கு வேண்டிய எண்ணுக்கு நேரே அடைமொழி எதுவும் இல்லாமல் வெறும் 'அண்ணாச்சி' இருந்தது.

"இது யாரு சார்?"

"அதாம்மா நானும் யோசிக்கேன்," என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை.

முதலில் அவர் ஒப்புதலோடு பட்டியலில் உள்ள எந்த எண்ணில் இருந்தும் நேராகப் பலகைக்கு ஏற முடியாதபடி அடைத்தேன். பிறகு பஸ் ஏறினேன். அண்ணாச்சிமாரின் ஒவ்வொரு கடையிலும் அவர்கள் வைஃபையில் என் போனை இணைத்து எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். லாட்ஜ் அண்ணாச்சி காபி வாங்கிக் கொடுத்தார், எண் பொருந்தவில்லை. சிப்ஸ் கடை அண்ணாச்சி நேந்திரங்காய் பொரிந்துகொண்டிருந்த சட்டியில் இருந்து கண்ணை எடுக்காமலே, "பாத்துக்கோம்மா," என்றார். பொருந்தவில்லை. வேன் அண்ணாச்சிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னையவே செக் பண்ண வந்துட்டியோ? சங்கரலிங்கம் அனுப்புனானா?"

"இல்ல அண்ணாச்சி, நானாத்தான் வந்தேன். ஒரு பிள்ள வேலை போகப் போகுது."

அதைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கினார். "பாரு, பாத்துட்டுப் போ. பழைய கம்பெனி இணைப்பை நான் விட்டே வருஷம் ஆச்சு. இப்பம் வேறல்லா வச்சிருக்கேன்."

அங்கேதான் விடை இருந்தது. அந்த எண் ஒரு காலத்தில் யாரோ ஒரு அண்ணாச்சியுடையது, இவருடையதாகவே இருக்கலாம். இப்போது அது தென்காசி வட்டாரத்தில் வேறு யார் வீட்டிலோ இருக்கிறது. அந்த வீட்டில் பலகையைத் திறந்தால் படிவம் தானாகத் திறக்கிறது. யார் வீடு? கம்பெனியைக் கேட்டால், போலீஸ் கேட்டால் ஒழிய சொல்ல மாட்டோம் என்றார்கள், அதுவும் நியாயம்தான். போலீசுக்குப் போகலாமா என்று சார் கேட்டார். வேண்டாம் என்றேன். பட்டியலில் வெறுமனே 'அண்ணாச்சி' என்று எழுதி வைத்திருப்பதை ஒரு இன்ஸ்பெக்டரிடம் விளக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வழி தோன்றியது. அந்த எண்ணில் இருந்து திறந்தால் படிவம் வருகிறது என்றால், படிவத்துக்குப் பதிலாக ஒரு கடிதமும் வரவைக்கலாமே. உலகத்தில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தெரிகிற அறிவிப்பு. எழுத உட்கார்ந்தால் எப்படி விளிப்பது என்று தெரியவில்லை. பெயர் தெரியாத ஆளை நம் ஊரில் எப்படிக் கூப்பிடுவோம்? வேறு வழியில்லாமல் நானும் அப்படியே எழுதினேன். 'அண்ணாச்சி, வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தில் இருந்து ஐந்தருவி பற்றி ஒன்று அனுப்பியிருக்கிறீர்கள். குறை சொல்ல இல்லை. ஒரு பெண்ணின் வேலை இதில் இருக்கிறது. தயவுசெய்து கூப்பிடுங்கள்.' கீழே என் போன் நம்பர்.

பிறகு காத்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் பலகையை மறுபடி திறந்தால்தான் உண்டு. அதற்குள் அவர் மோடம் ஒருமுறை அணைந்து எரிந்தால் எண் மாறிவிடும். நான் எழுதியது வேறு எவருக்கோ போய்ச் சேரும், ஜமீலா கதை முடிந்தது. அந்த வாரம் முழுவதும் சாரல் காற்று. கரண்ட் போகும், வரும். ஒவ்வொரு முறை விசிறி நிற்கும்போதும் போனை எடுத்துப் பார்த்தேன். ஜமீலா தினமும் போன் செய்வாள். "வந்துச்சாக்கா?" என்பாள். வரவில்லை என்பேன். "சரிக்கா," என்று வைத்துவிடுவாள். அந்த 'சரிக்கா'வைக் கேட்கவே பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை போன் வந்தது. பெண் குரல். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"சாரல் பலகையா? உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை உங்க பேச்சை நம்பி பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கிட்டு ஐந்தருவிக்கு வந்தோம். தடுப்பைப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு மிலிட்டரில இருந்து லீவுல வந்திருக்காரு. ஒரு நாள் குளிக்கக் கூடக் குடுத்து வைக்கல. என்ன போர்டு நடத்துதிய நீங்க?"

பெயரைச் செல்வராணி என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் அல்ல. ஊர் கீழப்பாவூர். நான் மெதுவாக, "நீங்க எங்களுக்கு ஏதாச்சும் அனுப்புனீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அனுப்பினேனே! பக்கத்தைத் தொறந்ததும், எந்த அருவின்னு கேட்டுது. ஐந்தருவின்னு போட்டேன். அடுத்து, 'குளிக்கலாம்', 'குளிக்கக் கூடாது'ன்னு ரெண்டு இருந்துச்சு. நமக்கு எது வேணும்னு கேக்காங்கன்னு நெனச்சு 'குளிக்கலாம்'ங்கறத அமுக்கி அனுப்பினேன்."

"குளிக்கலாமான்னு கேட்டீங்களா?"

"பின்ன? கேக்காம எப்படி வர? கேட்ட ஒடனே நீங்களும் பதில் போட்டுட்டிய. கீழயே வந்துச்சு, 'ஐந்தருவி: குளிக்கலாம்'னு. ஜமீலான்னு ஒரு பிள்ள பேரும் போட்டிருந்துச்சு. இவ்வளவு சீக்கிரமா பதில் சொல்லுதாங்களேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட பெருமையா வேற சொன்னேன்."

அவர் கேட்ட கேள்விதான் பலகையில் ஏறியிருக்கிறது. அதையே எங்கள் பதில் என்று நம்பி, குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறார். கடைசியில் ஒரு 'ஆ' இருந்திருந்தால் கேள்வி, இல்லாததால் அறிவிப்பு. அந்த இரண்டு வாசகங்களையும் படிவத்துக்கு எழுதியபோது, அதைத் திறப்பவர் எல்லாம் அருவிக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணாச்சிமார் என்றே எண்ணியிருந்தோம். கீழப்பாவூரில் பிள்ளைகள் நச்சரிக்கும் ஒரு வீட்டில் அது எப்படி ஒலிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"இன்னொண்ணு," என்றார் செல்வராணி. "அண்ணாச்சின்னு போட்டு எழுதியிருக்கியளே, எங்க வீட்டுக்காரரையா? அவரு கடைக்குப் போயிருக்காரு."

நடந்ததைச் சொன்னேன். கை முறிந்த அம்மாவைப் பற்றிக் கேட்டதும் அவர் குரல் அடங்கிவிட்டது. "என்னால ஒரு பிள்ளைக்கு இப்படியா?" என்றார். பிறகு பயந்துபோய், "எம்பேரு எங்கயும் வந்துறாதுல்லா?" என்று கேட்டார். தப்பு அவருடையது இல்லை, பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தேன். சாரிடம் பேசச் சொன்னேன். சார் போனை வாங்கி, நடந்ததை முழுவதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. வைக்கும்போது மட்டும், "நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்கம்மா," என்றார். வைத்துவிட்டு என்னிடம், "பட்டியலை மொத்தமும் அழிச்சிரும்மா," என்றார்.

அழித்தோம். பிறகு ஒவ்வொன்றாகப் புதிதாகச் சேர்த்தோம். ஆளின் முழுப்பெயர், இருக்கும் இடம், எதற்காக, எந்தத் தேதி வரை என்று நான்கு கட்டம். எதையும் காலியாக விட முடியாது. தேதி முடிந்தால் தானாக விழுந்துவிடும். வேண்டுமென்றால் அவரையே கேட்டு மறுபடி சேர்க்க வேண்டும். எண் பட்டியலில் இருந்தாலும் கடவுச்சொல் உண்டு. முகவரியை மட்டும் நம்பி யாருக்கும் படிவம் திறக்காது. படிவத்தில் 'குளிக்கலாம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'தடை நீங்கியது என்று அறிவிக்கிறேன்' என்று மாற்றினோம். அண்ணாச்சிமார் பெயரைக் கேட்டபோது ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. வேன் அண்ணாச்சி தன் பெயரை இரண்டு தரம் சொல்லி, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெயர் கேட்டால் சங்கடப்படுவார்கள் என்று சார் இத்தனை காலம் தானாகவே நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்தப் பெயர்க் கட்டத்தைத்தான் எடுக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஜமீலா திங்கட்கிழமை வந்தாள். சார் அறையை விட்டு வெளியே வந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். அவர் அப்படி வந்து நின்று நான் பார்த்ததில்லை.

"நடந்தது நடந்து போச்சு. மனசுல வச்சுக்காதீங்க. நீங்க வழக்கம்போல வேலையைப் பாருங்க," என்றார்.

இன்னும் அதே 'நீங்க'தான். ஜமீலா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே கம்ப்யூட்டரைத் திறந்து, பலகையின் பழைய பதிவுகளுக்குப் போய், அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்தாள். 'ஐந்தருவி: குளிக்கலாம். பதிவு: ஜமீலா.'

"இது இன்னும் இங்கன இருக்கு சார்."

"பழைய பக்கம்தானம்மா. அத இனி யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன் சார்."

சார் என்னைப் பார்த்தார். பதிவையே அழித்துவிடலாம் என்றால், கை முறிந்த அம்மாவின் மகனிடம் படம் இருக்கிறது. அழித்தால் மறைத்ததாக ஆகும். பெயரை மட்டும் எடுத்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட மென்பொருள் ஒப்புக்கொள்ளாது. செல்வராணி பெயரைப் போட முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் சொன்னேன்.

"அப்பம் யாரு பேரப் போட சார்?" என்று கேட்டேன்.

தடவ அங்கே கண்ணாடி இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பட்டியல்ல சேத்தது நான்தான," என்றார். "எம்பேரப் போடு."

ஜமீலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். சங்கரலிங்கம் என்று அடித்தாள். சேமிப்பதற்கு முன், அவள் வழக்கப்படி, ஒருமுறை திரும்பப் படித்தாள். பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"இனிஷியலோடயா சார்?"

"இனிஷியலோடயே போடும்மா. இல்லன்னா எந்தச் சங்கரலிங்கம்னு கேப்பாங்கள்லா."